ஃப்ரேசர் டவுன் செங்கல் வீடு: பாரம்பரிய மதிப்பை யாரிடம் கேட்பது?

வணக்கம். பெங்களூர் ஃப்ரேசர் டவுனில் தாத்தா வாங்கிய செங்கல் பங்களாவை இடித்து அடுக்குமாடி கட்ட ஒரு பில்டர் கேட்கிறார். சித்தப்பாவுக்குச் சம்மதம்; எனக்கு மனம் வரவில்லை. “பழசு என்பதாலேயே பாரம்பரியம் ஆகிவிடுமா?” என்கிறார் அவர். கேள்வி நியாயமானதுதான்.

ஜன்னலுக்கு மேல் கூர்முனையோடு நிற்கும் மரச்சட்டக் கூரை, பெங்களூரில் ‘மங்கி டாப்’ என்பார்களே, அது இன்னும் முழுதாக இருக்கிறது. சிவப்பு ஆக்சைடு தரையில் பாட்டியின் ஆட்டுக்கல் இருந்த வட்டம் மட்டும் மங்கிக் கிடக்கிறது. கூரை ஓட்டில் ‘பாசல் மிஷன், 1865’ என்ற முத்திரை. அதுதான் வீடு கட்டிய ஆண்டு என்று பெருமையடித்து மாட்டிக்கொண்டேன்: அது பாசல் மிஷனின் மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டாம்! ஃப்ரேசர் டவுனே 1910 வாக்கில்தான் உருவானது.

பின்சுவரில் சுண்ணாம்புக் காரைமேல் யாரோ சிமெண்ட் பூசிவைத்ததால் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல் பொரிந்து உதிர்கிறது.

பாரம்பரியக் கட்டடங்களின் பாதுகாப்புக்காக இயங்கும் இன்டாக் (INTACH) அமைப்பின் பெங்களூர் பிரிவை உங்களில் யாராவது இப்படி ஒரு வீட்டுக்காக அணுகியிருக்கிறீர்களா? பத்திரம் தவிர, கட்டிய ஆண்டை வேறு எதில் தேடலாம்? சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இருந்தாலும் சொல்லுங்கள். பொங்கலுக்குள் சித்தப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.