கலைச்சொல் வேண்டும்: போஸ்ட்கிரெஸின் ‘டேட்டாபேஸ் கிளஸ்டர்’ – ‘தரவு வளவு’ பொருந்துமா?

காரைக்குடியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

பலர் ஒரே நேரத்தில் நுழையும் தரவுத்தள வழங்கியைக் (சர்வரை) கட்டளை வரியிலிருந்து தொடங்கி அமைப்பது பற்றிய நம் கையேடு முதல் இயலிலேயே ஒரு சொல்லால் நிற்கிறது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் ஆவணத்தில் வழங்கி அமைவுப் பகுதிக்குள் போனதுமே ‘டேட்டாபேஸ் கிளஸ்டர்’ வந்துவிடுகிறது. ஒரு தரவுக் கோப்புறை, அதன்மேல் ஓடும் ஒரே வழங்கி, அந்த வழங்கி பார்த்துக்கொள்ளும் தரவுத்தளங்கள் அத்தனையும் சேர்ந்ததுதான் அது. எஸ்கியூஎல் தரநிலை இதையே ‘கேட்டலாக் கிளஸ்டர்’ என்கிறது.

நம் கலைச்சொல் பட்டியலில் கிளஸ்டருக்குக் ‘கொத்து’ இருக்கிறது. அதை இங்கே போட்டால், படிப்பவர் பல கணினிகளைக் கோத்த அமைப்பு என்றே எடுத்துக்கொள்வார். ஒரு கணினியும் ஒரு கோப்புறையும் போதும் என்று அடுத்த வரியில் விளக்க வேண்டிவரும். போதாக்குறைக்கு, போஸ்ட்கிரெஸில் ‘கிளஸ்டர்’ என்றே ஒரு கட்டளையும் உண்டு. அது ஓர் அட்டவணையின் வரிகளை ஓர் இண்டெக்ஸின் (தேடலுக்கான சுட்டியின்) வரிசைப்படி வட்டில் மாற்றி எழுதும். மூன்று பொருளுக்கு ஒரு சொல் என்ற இந்தச் சிக்கலை நாமும் தமிழுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை.

என் முன்மொழிவு ‘தரவு வளவு’. பழகிய பிறகு ‘வளவு’ என்றே எழுதலாம். வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: செட்டிநாட்டு வீட்டில் முகப்பைக் கடந்தால் வருவது வளவு. நடுவே வானம் தெரியும் முற்றம், சுற்றிலும் தூண் நிறுத்திய தாழ்வாரம், அதை ஒட்டி அறைகள். கல்யாணமான பிள்ளைகளுக்கு ஆளுக்கோர் அறை. ‘வேறு வைத்த’ பிறகு உலையும் தனி. ஆனால் வாசல் ஒன்று, வளவு எல்லாருக்கும் பொது.

போஸ்ட்கிரெஸின் கட்டமைப்பும் இதுவேதான். ஓர் இணைப்பு ஒரு தரவுத்தளத்துக்குள் மட்டுமே நுழையும்; பக்கத்துத் தரவுத்தளத்தின் அட்டவணையை அங்கிருந்து நேராக வினவ முடியாது. பயனர் பெயர்கள், கடவுச்சொற்கள், போர்ட் எண், இணைப்புகளின் உச்ச எண்ணிக்கை, மாற்றங்களை முன்கூட்டி எழுதிவைக்கும் பதிவேடு ஆகியவை எல்லாத் தரவுத்தளங்களுக்கும் பொது. எது தனி, எது பொது என்ற இந்தப் பிரிவைச் சொல்லே காட்டிக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

தேவகோட்டையிலிருந்து:

ஆச்சி, வணக்கம்.

சொல் பிடித்திருக்கிறது, தயக்கமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வளவு என்றால் வீட்டோடு சேர்ந்து வேலிக்குள் கிடக்கும் நிலம். அங்கே படிப்பவருக்கு அறைகள் நினைவுக்கு வராது. சென்னையில் பலருக்கு இந்தச் சொல்லே பழக்கமில்லை. ‘வளாகம்’ என்றால் எல்லாருக்கும் புரியுமே? ‘கொத்து’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ‘தரவுத்தளக் கொத்து’ என்று முழுதாக எழுதிக் கணினிக் கொத்திலிருந்து பிரித்துக் காட்டலாம். வீட்டுச்சொல்தான் வேண்டுமென்றால், இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்கிறோமே, அதையொட்டித் ‘தரவுக்கட்டு’ கூட உண்டு.

எதுவானாலும் பட்டியலில் வைத்துப் பார்த்தால் தெரியாது. கையேட்டு வாக்கியங்களில் வைத்துப் பார்ப்போம். தரவுக் கோப்புறையை முதன்முதலில் உருவாக்கும் இனிட்டிபி கட்டளையில் தொடங்கி அனுமதிக் கோப்பு வரை, பிழைகளையும் சேர்த்து எழுதிக் காட்டுங்கள். சொல் எங்காவது இடறினால் அங்கே தெரிந்துவிடும்.

காரைக்குடியிலிருந்து:

தம்பி, நல்ல சோதனை. முதலில் மாற்றுச் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. ‘வளாகம்’ பல கட்டடங்கள் நிற்கும் இடம். தரவு மையங்களுக்கு அது தேவைப்படும். ‘கட்டு’ என்றதும் மூட்டையும் பொதியும் நினைவுக்கு வரும், மென்பொருள் தொகுப்புகளோடு குழம்பும். யாழ்ப்பாணப் பொருள் நமக்கு எதிரியில்லை. வேலி ஒன்று, படலை ஒன்று, உள்ளே இருப்பதெல்லாம் ஒரே பொறுப்பில் என்பது அங்கேயும் சரியாகவே வருகிறது.

இனி வரைவு. கட்டளைப் பெயர்களை ஒலித்தபடி எழுதுகிறேன். ‘பிஜி’க்குப் பின் வரும் சிறுகோட்டைத் தட்டச்சில் அடிக்கோடாக இடவும்.

வளவை எழுப்புதல் ஒருமுறை வேலை, வழங்கியைத் தொடங்குதல் அடிக்கடி செய்வது. இரண்டையும் குழப்பக்கூடாது. வழங்கி நின்றுபோனது என்பதற்காக இனிட்டிபியை மறுபடி ஓட்டினால், கோப்புறை காலியாக இல்லை என்று மறுத்துவிடும். அந்த மறுப்பைப் பார்த்துக் கோப்புறையை அழித்தவர் வளவையே அழித்தவர்.

இனிட்டிபியும் வழங்கியும் கணினியின் முழு அதிகாரமுள்ள ரூட் பயனரின்கீழ் ஓடா. ‘போஸ்ட்கிரெஸ்’ என்ற தனிப் பயனருக்கு மாறி, இனிட்டிபிக்கு ‘-டி’ தேர்வோடு கோப்புறைப் பாதையையும், கடவுச்சொல் சரிபார்ப்பு முறைக்கு ‘-ஏ ஸ்கிராம்-ஷா-256’, தலைமைப் பயனரின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்க ‘-டபிள்யூ’ ஆகியவற்றையும் கொடுங்கள். மூன்று தேர்வுகளும் ஆங்கிலப் பெரிய எழுத்து. ‘-ஏ’ விடுபட்டால் ‘டிரஸ்ட்’ முறை அமைந்துவிடும். அந்தக் கணினியில் கணக்கு உள்ள எவரும் கடவுச்சொல் இல்லாமல் வளவின் தலைமைப் பயனராக நுழையலாம் என்று அதற்குப் பொருள். ஓர் எச்சரிக்கை வரும், திரையில் ஓடிவிடும். கோப்புறையின் அனுமதி 0700 ஆகவோ 0750 ஆகவோ இருக்க வேண்டும். ‘எல்லாருக்கும் திறந்துவிடலாம்’ என்று 777 போட்டால் வழங்கி தொடங்க மறுக்கும்.

எழுத்துக் குறியாக்கத்தை இங்கேயே கவனியுங்கள், தமிழுக்கு இதுதான் முக்கியமான இடம். மொழி, வட்டார அமைப்பைச் சொல்லும் சூழல் மாறியின் (என்விரான்மென்ட் வேரியபிள்) மதிப்பு ‘சி’ என்று இருந்தால் வளவு எஸ்கியூஎல்-ஆஸ்கி குறியாக்கத்தோடு எழும்பும். எழுத்துகள் உள்ளே போகும், திரும்பியும் வரும். அதனால் கோளாறு உடனே தெரியாது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். யூடிஎஃப்-8 ஆக இருந்தால் 5 வரும். 15 வந்தால் வழங்கி பைட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறது. ஆகவே ‘--என்கோடிங்=யூடிஎஃப்8’ என்று வெளிப்படையாகக் கொடுங்கள். அகரவரிசையும் அப்படியே. ‘சி’ வரிசை யூனிகோடு எண்ணைப் பின்பற்றுவது. அதில் ன என்ற எழுத்து ந-வை அடுத்து, ப-வுக்கு முன்பே வந்துவிடும், ழ என்ற எழுத்து ள-வுக்குப் பின் போய்விடும். நம் கலைச்சொல் பட்டியலையே அதில் ஏற்றினால் தேடுகிறவருக்குச் சொல் அகப்படாது. 15ஆம் பதிப்பிலிருந்து இனிட்டிபியிலேயே ஐசியூ என்ற யூனிகோடு நிரலகத்தை வரிசை வழங்குநராகவும், தமிழ் இடமையையும் (லோகேல்) தேர்ந்தெடுக்கலாம். வளவு எழும்பிய பின் மாற்ற நினைத்தால், ‘டெம்ப்ளேட்0’ என்ற வார்ப்புத் தரவுத்தளத்தை அச்சாக வைத்துப் புதிய தரவுத்தளம் உருவாக்கி, தரவை அதற்குள் மாற்ற வேண்டும்.

தொடங்குவதற்கு ‘பிஜி-சிடிஎல் -டி பாதை -எல் பதிவுக்கோப்பு ஸ்டார்ட்’. இங்கே ‘-எல்’ சிறிய எழுத்து. நிறுத்துவதற்கு ‘ஸ்டாப்’, 9.5 முதல் இயல்பான முறை ‘ஃபாஸ்ட்’, இருக்கும் இணைப்புகளைத் துண்டித்து ஒழுங்காக மூடும். ‘இம்மீடியட்’ முறை ஒழுங்காக மூடாது, அடுத்த தொடக்கத்தில் மீட்பு ஓட வேண்டிவரும். லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழியாகத் தொடங்கிய வழங்கியைப் பிஜி-சிடிஎல் கொண்டு நிறுத்த வேண்டாம். உண்மை நிலைக்கும் சிஸ்டம்டி வைத்திருக்கும் கணக்குக்கும் வேறுபாடு வந்துவிடும்.

வளவு முதலில் தன் கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்கும். மற்ற கணினிகளுக்குத் திறக்க இரண்டு இடங்களில் மாற்ற வேண்டும். முதன்மை அமைவுக் கோப்பில் ‘லிஸன் அட்ரஸஸ்’ வரியில் வழங்கியின் உள்வலை முகவரியைச் சேர்க்க வேண்டும். இதற்கு மறுதொடக்கம் தேவை. அனுமதிக் கோப்பான பிஜி-எச்பிஏ கோப்பில் எந்த வலையிலிருந்து, எந்தப் பயனர், எந்தத் தரவுத்தளத்துக்கு, எந்த முறையில் என்று ஒரு வரி, எடுத்துக்காட்டாக 192.168.1.0/24 வலைக்கு ஸ்கிராம் முறை. இதற்கு மீளேற்றம் (ரீலோட்) போதும். இந்தக் கோப்பில் மேலிருந்து கீழாகப் பொருந்தும் முதல் வரியே தீர்ப்பு. அதில் கடவுச்சொல் தவறினால் அடுத்த வரிக்குப் போகாது. ஆகவே பரந்த வரியை மேலே வைத்துவிட்டுக் குறிப்பான வரியைக் கீழே எழுதிப் பயனில்லை.

பிழைச் செய்தியே கோளாறு எங்கே என்று சொல்லிவிடும். ‘கனெக்‌ஷன் ரிஃப்யூஸ்டு’ என்றால் வழங்கி ஓடவில்லை, அல்லது அந்த முகவரியிலோ 5432 போர்ட்டிலோ கேட்கவில்லை. பதிலே வராமல் நேரம் கடந்தால் நடுவே தீச்சுவர் (ஃபயர்வால்) விழுங்குகிறது. ‘எச்பிஏ கோப்பில் இந்தக் கணினிக்கு வரி இல்லை’ என்று வந்தால் வாசல்வரை வந்தாயிற்று, அனுமதி மட்டும் பாக்கி.

எண்களுக்கு வருவோம். இணைப்பு உச்சம் இயல்பாக 100. அதில் 3 தலைமைப் பயனருக்கு ஒதுக்கம். இது வளவு முழுமைக்குமான கணக்கு. எடுத்துக்காட்டாக, ஒரே வளவில் உள்ள நூலகத் தரவுத்தளத்தின் செயலி 97 இணைப்புகளையும் பிடித்துக்கொண்டால் கணக்குத் தரவுத்தளத்துக்கு வருபவரும் வெளியே நிற்பார். தரவுத்தளம் ஒவ்வொன்றுக்கும் ‘கனெக்‌ஷன் லிமிட்’ வைத்தால் இது நடக்காது. எல்லா இணைப்புகளும் பகிரும் நினைவகமான ‘ஷேர்டு பஃபர்ஸ்’ இயல்பாக 128 எம்பி. தரவுத்தளத்துக்கென்றே ஒதுக்கிய 8 ஜிபி கணினியில் கால்பங்கு, அதாவது 2 ஜிபி, நல்ல தொடக்கம். வரிசையாக்கம் போன்ற வேலைகளுக்கான நினைவகமான ‘வொர்க் மெம்’ 4 எம்பி. அதை ஆசைப்பட்டு 64 ஆக்குவதற்கு முன் பெருக்கிப் பாருங்கள். அது இணைப்புக்கு ஒன்று என்ற கணக்கு இல்லை, வினவலுக்குள் நடக்கும் வரிசையாக்கம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. நூறு பேர் ஆளுக்கு ஒன்று செய்தாலே 6.4 ஜிபி. நினைவகம் தீர்ந்து லினக்ஸ் ஏதோ ஓர் இணைப்பின் செயல்முறையைக் கொன்றால், பொது நினைவகம் கெட்டிருக்கலாம் என்று வழங்கி எல்லாத் தரவுத்தளங்களின் இணைப்புகளையும் அறுத்து மீண்டு எழும். ஓர் அறையில் நடந்தது வளவையே நிறுத்திவிட்டது என்று இதை எழுதினால் விளக்கம் வேண்டுமா, சொல்லுங்கள். ‘கொத்தை நிறுத்தியது’ என்று எழுதினால் வேண்டும்.

கண்டனூரிலிருந்து:

ஆச்சி எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காப்புநகல் பகுதியில்தான் இந்தச் சொல் பெரிய உதவி செய்யும்.

‘பிஜி-டம்ப்’ ஒரு தரவுத்தளத்தை மட்டும் எடுக்கும். பயனர்கள் வளவின் சொத்து, அந்த நகலில் வர மாட்டார்கள். புதிய கணினியில் அதை மீட்டால் ‘இந்தப் பயனர் இல்லை’ என்று வரிசையாகப் பிழைகள் விழும். ‘பிஜி-டம்ப்ஆல் -ஜி’ என்று பொதுவானவற்றைத் தனியாக எடுத்து, மீட்கும்போது அதை முதலில் ஓட்ட வேண்டும். ‘பிஜி-பேஸ்பேக்கப்’ மாறாக முழு வளவையும் நகலெடுக்கும். அதில் ஒரு தரவுத்தளத்தை மட்டும் கேட்க முடியாது. குறிப்பிட்ட நேரத்துக்குத் திரும்பும் மீட்பும் அப்படியே, எல்லாத் தரவுத்தளங்களும் சேர்ந்துதான் பின்னே போகும். கணக்கில் ஓர் அட்டவணையைத் தவறி அழித்ததற்காக நூலகத்தையும் நேற்றைக்குக் கொண்டுபோக வேண்டாமென்றால், வேறு இடத்தில் வளவை மீட்டு, அங்கிருந்து அந்த அட்டவணையை மட்டும் எடுத்து வர வேண்டும்.

ஒரு கணினியில் இரண்டு வளவுகளும் இருக்கலாம். பெரும்பதிப்பு மாறும்போது இது தேவைப்படும்: புதிய பதிப்புக்கு வளவை எழுப்பி, ‘பிஜி-அப்கிரேடு’ கொண்டு பழையதிலிருந்து மாற்றுகிறோம். போர்ட் மட்டும் வேறாக வேண்டும். இரண்டுக்கும் 5432 போட்டால் முகவரி பயன்பாட்டில் இருக்கிறது என்று இரண்டாவது நின்றுவிடும். டெபியன் லினக்ஸில் ‘பிஜி-கிரியேட்கிளஸ்டர்’ அடுத்த காலி எண்ணைத் தானே எடுத்துக்கொள்ளும். ‘பிஜி-எல்எஸ்கிளஸ்டர்ஸ்’ ஒவ்வொரு வளவின் பதிப்பு, பெயர், போர்ட், நிலை எல்லாவற்றையும் காட்டும். அங்கே அமைவுக் கோப்புகள் தரவுக் கோப்புறையில் இல்லை, ஈடிசி கோப்புறைக்குள் இருக்கின்றன. தரவுக் கோப்புறையில் தேடிக் காணாமல் புதிதாக ஒன்றை எழுதி வைப்பவர்கள் உண்டு. வழங்கி அதைப் படிக்காது.

கோப்பைத் திருத்தியும் மாற்றம் வரவில்லையென்றால் ‘ஆட்டோ.கான்ஃப்’ என்று முடியும் கோப்பைப் பாருங்கள். ‘ஆல்டர் சிஸ்டம்’ கட்டளை எழுதுவது அங்கேதான், கையால் எழுதியதை அது மேலோங்கும். மறுதொடக்கத்துக்குக் காத்திருப்பவற்றைப் ‘பிஜி-செட்டிங்ஸ்’ காட்சியின் ‘பெண்டிங் ரீஸ்டார்ட்’ நெடுவரிசை சொல்லும்.

இன்னொன்றைத் தடித்த எழுத்தில் போடுங்கள். தரவுக் கோப்புறையில் இருக்கும் ‘போஸ்ட்மாஸ்டர்.பிஐடி’ கோப்பை (தலைச் செயல்முறையின் எண் எழுதியிருப்பது), வழங்கியின் எந்தச் செயல்முறையும் ஓடவில்லை என்று உறுதிசெய்யாமல் அழிக்கக்கூடாது. ‘கில் -9’ போட்டுத் தலைச் செயல்முறையைக் கொன்று, அந்தக் கோப்பையும் அழித்து, மறுபடி தொடங்கினால் பழைய இணைப்புகளின் செயல்முறைகளும் புதிய வழங்கியும் ஒரே வளவில் எழுதும். தரவு சிதையும், திருத்த வழியிருக்காது.

தேவகோட்டையிலிருந்து:

ஆச்சி, அண்ணே, இரண்டு கடிதங்களிலும் ‘வளவு’ வந்த இடங்களில் ‘கொத்து’ போட்டுப் படித்துப் பார்த்தேன். ‘முழுக் கொத்தையும் நகலெடுக்கும்’ என்ற இடத்தில் எத்தனை கணினிகள் என்ற கேள்வி எழுகிறது. ‘ஒரு கணினியில் இரண்டு கொத்துகள்’ என்றால் முரண்பாடாகவே ஒலிக்கிறது. வளவுக்கு என் ஒப்புதல்.

பதிவில் இப்படி வைக்கலாம்: ஒரு கோப்புறையும் ஒரு வழங்கியும் உள்ள அமைப்பு ‘தரவு வளவு’. பல கணினிகள் சேர்ந்தது ‘கணினிக் கொத்து’. அட்டவணையை மாற்றி எழுதும் கட்டளையின் வேலை ‘அடுக்கல்’. வளவு முழுமைக்கும் செல்லுபடியாவதைச் சொல்ல ஒரு பெயரடையும் வேண்டும், ‘வளவுப்பொது’ என்கிறேன். ‘பயனர்கள் வளவுப்பொது, ஸ்கீமாக்கள் தரவுத்தளத் தனி’ என்று ஒரே வரியில் முடிகிறது (ஸ்கீமா என்பது ஒரு தரவுத்தளத்துக்குள் அட்டவணைகளைப் பிரித்து வைக்கும் பெயர்ப்பிரிவு).

ஒரு கேள்வி மட்டும் மீதி. அட்டவணைக் கோப்புகளை வைக்கும் இடமான ‘டேபிள்ஸ்பேஸ்’ வளவுப்பொதுதான், ஆனால் அதன் கோப்புகள் தரவுக் கோப்புறைக்கு வெளியே, வேறு வட்டில்கூட இருக்கலாம். அந்த வட்டை வளவோடு சேராத தனிச் சேமிப்பு என்று நினைத்துக் கழற்றினால் வழங்கிக்குச் சிக்கல். ‘அட்டவணை வெளி’ என்ற இப்போதைய சொல் அந்தப் பிணைப்பைச் சொல்லவில்லை. அடுத்த இழையாக அதை எடுத்துக்கொள்வோமா?