ஜொக்கிக்கு 6 மாதம், பயிற்சியாளருக்கு 8 வருடம்: பெட்டிங் கடையில் கேட்ட சண்டை

உவர்மலையிலிருந்து:
இங்கிலாந்துக் குதிரைப் பந்தயம் திருகோணமலையில் நமக்குப் பின்னேரம் ஆறரை, ஏழுக்குத்தான் சூடு பிடிக்கும். போன கிழமை கடையில் பெரியவர் ஒருவர், குதிரை ஓட்டும் ஜொக்கி டெட்டோரியின் பெயரை யாரோ எடுத்ததும் கொதித்துவிட்டார். "கொக்கெய்ன் அடிச்சவனுக்கு ஆறு மாதம், குதிரைக்கு மருந்து குடுத்தவனுக்கு எட்டு வருசம். இது என்ன நியாயம்?"

கணக்கு சரிதான். 2012 செப்டெம்பரில் பாரிஸின் லோங்ஷாம் பந்தயத் திடலில் எடுத்த பரிசோதனை மாதிரியில் டெட்டோரி பிடிபட்டார், பிரான்ஸின் குதிரைப் பந்தய நிர்வாகமான பிரான்ஸ் கலோப் 6 மாதம் தடை போட்டது. 2013 இல் டுபாய் ஆட்சியாளரின் கொடொல்பின் லாயத்துப் பயிற்சியாளர் அல் சரூனிக்கு, குதிரைகளுக்கு ஸ்டெரொய்ட் கொடுத்ததற்காக 8 வருடம்.

ஆனால் இரண்டும் ஒரே குற்றமில்லை, ஐயா என்றேன். பயிற்சியாளர் செய்தது பந்தயத்தையே களவாடுவது, நம் காசும் அதில் போகிறது. ஜொக்கி போதையில் ஏறினால் விழுந்து சாகப்போவது அவரும் பக்கத்தில் ஓட்டுகிறவரும். பெரியவர் மசியவில்லை. "அப்ப உயிர் மலிவோ?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கிண்ணியாவிலிருந்து:
நான் வளைகுடாவில் பந்தயக் குதிரை லாயத்தில் வேலை செய்தவன். முதல் நாளே சொன்ன கட்டளை, குதிரை நிற்கும் அறைக்குள் சிறுநீர் கழிக்காதே. சிரிப்பாகத்தான் இருந்தது. நாம் குடித்த மருந்து வைக்கோலில் பட்டு, குதிரை அதைத் தின்றால் போதும், பரிசோதனையில் வந்துவிடுமாம். வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் பயிற்சியாளர், "எனக்குத் தெரியாது" என்று தப்ப முடியாது. உளுக்குக்குத் தைலம் பூசினாலும் கையைக் கழுவிவிட்டுத்தான் கடிவாளத்தைத் தொடுவோம். எங்கள் மேற்பார்வையாளர் இருமல் சிரப் போத்தலைக்கூட வாசலில் வாங்கி வைத்துவிடுவார்.

திருக்கடலூரிலிருந்து:
ஜொக்கி ஃபாலனை மறந்துவிட்டீர்களே. பிரான்ஸில் முதல் தடவை பிடிபட்டபோது 6 மாதம். 2007 இல் மறுபடியும் கொக்கெய்ன், இந்த முறை 18 மாதம். பிரான்ஸ் போட்ட தடைதானே என்று இங்கிலாந்தில் போய் ஓட்டவும் முடியாது, மற்ற நாடுகளும் அதை ஏற்றுக்கொள்ளும்.

இன்னொரு ஜொக்கி மர்ஃபியின் கதை வேறு. 2020 இல் பிரான்ஸின் சான்டியி திடலில் எடுத்த மாதிரியில் கொக்கெய்ன் இருந்ததற்கு 3 மாதம்தான். 2022 இல் கிடைத்த 14 மாதத்துக்குக் காரணம் கொக்கெய்ன் இல்லை, கொவிட் விதியை மீறி அதை மறைத்ததும் மதுப் பரிசோதனையில் இரண்டு தடவை தவறியதும். ஆள் திரும்பி வந்து 2024 இல் பிரித்தானியாவின் சாம்பியன் ஜொக்கி. நான் இன்னும் அவருக்குத்தான் கட்டுகிறேன்.