புதுப்பிப்பு: கூலன்ட் கசிவு வாட்டர் பம்பில்தான் இருந்தது

தரையில் ஒரு சொட்டுகூடச் சிந்தாமலேயே என் காரின் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்துவருகிறது என்றும், ரேடியேட்டர் ஹோஸின்மீதே சந்தேகம் என்றும் முன்பு எழுதியிருந்தேன். அந்தச் சந்தேகம் தவறு. எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு, குளிர்விப்பு அமைப்பின் மூடியில் குறித்திருந்த 1.1 பார் அளவுக்கு அதற்குள் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிக் காத்திருந்தபோது, அழுத்தமானியின் முள் மெல்ல இறங்கியது. ஹோஸ்களும் இணைப்புகளும் உலர்ந்தே இருக்க, கூலன்டைச் சுழலவைக்கும் வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் ஈரம் துளிர்த்தது. உள்ளே கசிவைத் தடுக்கும் சீல் தேய்ந்தால், கூலன்ட் பம்பின் தண்டைத் தாங்கும் பேரிங்குக்குள் புகாமல் வெளியேறுவதற்கென்றே அமைந்த துளை அது. சூடான எஞ்சினில் கசிவு உடனே ஆவியாகி, வெளிறிய படிவு மட்டுமே எஞ்சியிருந்தது. அதை நான் முதலிலேயே கவனித்திருக்க வேண்டும். பம்பையும் அதன் பொருத்தத்தை அடைக்கும் கேஸ்கெட்டையும் மாற்றி, கூலன்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினேன். மூன்று வாரங்களாக அளவு இறங்கவில்லை.