மாற்குவில் மனிதர், யோவானில் கடவுளா?

கேள்விநாயகம்:
இயேசு தேவன்தான்னு காட்ட யார் வந்தாலும் யோவான் சுவிசேஷத்தைத்தான் திறக்கிறாங்க. மாற்கு சுவிசேஷத்தை ஏன் யாரும் தொடறதில்ல? நாலு சுவிசேஷத்துல முதல்ல எழுதினது மாற்கு, கி.பி. 70ஐ ஒட்டி. அதுல, "நீ என்னை நல்லவன் என்று சொல்வானேன்? தேவன் ஒருவர் தவிர நல்லவன் ஒருவனும் இல்லையே"ங்கிறார் (10:18). கடைசி நாள் எப்போன்னு குமாரனுக்கே தெரியாதாம் (13:32). சொந்த ஊர்ல பெரிசா அற்புதம் எதுவும் செய்ய முடியாமப் போச்சு (6:5). இதே கதைகளை மத்தேயு எடுத்து எழுதும்போது "முடியல" என்பது "அதிகம் செய்யல"ன்னு ஆகுது. "என்னை ஏன் நல்லவன்கிறாய்" என்பது "நன்மையைப் பத்தி என்னை ஏன் கேக்கிறாய்"னு ஆகுது. இன்னும் இருபது முப்பது வருஷம் போனா யோவான் வந்துடுறார், அங்கே சீஷன் தோமா இயேசுவைப் பார்த்து "என் ஆண்டவரே! என் தேவனே!"ங்கிறார். படிப்படியா ஏத்திக்கிட்டே போய் 325ல நிசேயாவுல பிஷப்புங்க கூடி முத்திரை குத்திட்டாங்க.

நாசரேத்துக்காரன்:
மத்தேயு 19:17ஐ இப்பதான் எடுத்துப் பார்த்தேன் பிரதர். மாற்குல இருக்கிறதுதான் அப்படியே இருக்கு, ஒரு எழுத்து மாறல. எங்க மாத்தியிருக்காரு? அப்புறம் 1 யோவான் 5:7ஐயும் படிங்க. பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி, இம்மூவரும் ஒன்றுன்னு பளிச்சுனு போட்டிருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?

கேள்விநாயகம்:
உங்க கையில இருக்கிறது பழைய மொழிபெயர்ப்பு. பிற்காலத்துக் கிரேக்கப் படிகளை வச்சுப் பண்ணது. 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்கக் கையெழுத்துப் படிகளான சினாய் ஏட்டுலயும் வத்திக்கான் ஏட்டுலயும் மத்தேயு 19:17 நான் சொன்ன மாதிரிதான் இருக்கு. கத்தோலிக்க நண்பர் யாராவது இருந்தா அவங்க திருவிவிலியத்தை வாங்கிப் பாருங்க.

மணற்கேணி:
நாசரேத் அண்ணே, அந்த 1 யோவான் 5:7ஐ விட்டுவிடுங்கள். பழைய கிரேக்கப் படிகள் எதிலும் அது இல்லை. டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1516இல் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டிலும் இல்லை, 1519 பதிப்பிலும் இல்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு 1522இல்தான் சேர்த்தார். நானும் திரித்துவத்தை, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை, நம்புகிறவள்தான். இந்த வசனத்தை வைத்து வாதாடினால் நம் பக்கம்தான் அடி வாங்கும்.

நாசரேத்துக்காரன்:
சரி சிஸ்டர், மாற்குக்கே வாரேன். இரண்டாம் அதிகாரம், கப்பர்நகூம். கூட்டத்துல நுழைய வழியில்லாம, நாலு பேர் கூரையைப் பிரிச்சு திமிர்வாதக்காரனைப் படுக்கையோட இறக்குறாங்க. அவர் முதல்ல சொன்னது "எழுந்து நட" இல்ல, "உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது". பக்கத்துல உக்காந்திருந்த வேதபாரகருக்கு, அதாவது யூத வேத அறிஞர்களுக்கு, உடனே சுருக்குனு தைக்குது: தேவன் ஒருவரேயன்றி யார் மன்னிக்க முடியும்? நான் அப்படிச் சொல்லலைன்னு அவர் மறுத்தாரா? இல்லையே! அந்த அதிகாரம் எனக்கு உண்டுன்னு காட்டத்தான் அவனை எழுப்பி நடக்க விடுறாரு. யோவான் இல்லாமலே நின்னு பேசுற சாட்சி இது.

கேள்விநாயகம்:
அதே சம்பவத்தை மத்தேயு எப்படி முடிக்கிறார்? "மனுஷருக்கு இப்படிப்பட்ட அதிகாரத்தைக் கொடுத்தவராகிய தேவனை மகிமைப்படுத்தினார்கள்" (9:8). கொடுத்தவர் ஒருத்தர், வாங்கினவர் ஒருத்தர். இயேசு தம்மை மனுஷகுமாரன்னு சொல்லிக்கிறார், ஆனா தானியேல் 7லயும் மனுஷகுமாரனுக்கு ராஜ்யம் கொடுக்கப்படுதே தவிர, அவர் கையில முன்னாடியே இருந்ததா இல்ல.

மணற்கேணி:
கேள்விநாயகம், உங்கள் ஏணியின் முதல் படி மாற்கு அல்ல. அப்போஸ்தலன் பவுலின் கடிதங்கள் கி.பி. 50களைச் சேர்ந்தவை, மாற்குவுக்குச் சுமார் இருபது ஆண்டு முந்தியவை. பிலிப்பியர் 2:6-11ஐப் பாருங்கள். அது பவுலுக்கும் முன்பே சபைகளில் வழங்கிய பாட்டு என்று கருதும் அறிஞர்கள் பலர். இயேசுவின் நாமத்தில் முழங்கால் யாவும் முடங்கும், நாவு யாவும் அறிக்கைபண்ணும் என்கிறது. அது ஏசாயா 45:23 வரி. அங்கே, என்னைத் தவிர வேறு தேவன் இல்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் கடவுள் தமக்கே கேட்கும் வணக்கம் அது. பரிசேயனாக, வேதத்தைக் கறாராகப் பின்பற்றும் யூதப் பிரிவில், வளர்ந்த பவுல் அந்த அதிகாரம் தெரியாமலா இயேசுவுக்குப் பொருத்துவார்? நிசேயாவுக்கு இருநூறு ஆண்டு முன்பே, கி.பி. 112 வாக்கில், பித்தினியா ஆளுநர் பிளினி பேரரசர் திராயானுக்கு எழுதுகிறார்: இவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடுகிறார்கள். விசாரணை நடத்திய ரோம அதிகாரி சொல்வது இது.

வழிப்போக்கன்:
இரண்டு பக்கமும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். அன்றைய யூத எழுத்துகளில் கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே இடம் இருந்தது. ஏனோக்கின் நூல் என்ற பழைய யூத நூலில் மனுஷகுமாரன் சிங்காசனத்தில் அமர்கிறார், ராஜாக்கள் விழுந்து வணங்குகிறார்கள். அலெக்சாந்திரியாவின் யூதத் தத்துவ அறிஞர் பிலோ, கடவுளின் வார்த்தையை (லோகோஸ்) இரண்டாம் கடவுள் என்றே எழுதியிருக்கிறார். இயேசுவையும் அந்த இடத்தில் வைத்திருக்கலாமே?

மணற்கேணி:
வைத்திருந்தால் ஏனோக்கைப் போலவே இருந்திருக்கும். 1 கொரிந்தியர் 8:6இல் பிதாவாகிய ஒரே தேவனையும், சகலமும் யார் மூலமாய் உண்டாயிற்றோ அந்த ஒரே கர்த்தரையும் ஒரே வாக்கியத்தில் வைக்கிறார் பவுல். படைத்தவர், படைக்கப்பட்டவை என்ற கோட்டில் இயேசு படைத்தவர் பக்கம் நிற்கிறார். ஏனோக்கின் மனுஷகுமாரன் எதையும் படைப்பதில்லை. பிலோவின் வார்த்தைக்குப் படைப்பில் பங்கு உண்டு, ஆனால் அதைக் கூப்பிட்டு ஜெபித்த ஒரு சபை இருந்ததாகத் தெரியவில்லை. பவுலோ தன் மாம்சத்தில் தைத்த முள்ளை நீக்கச் சொல்லி மூன்று தரம் கிறிஸ்துவிடமே மன்றாடுகிறார் (2 கொரிந்தியர் 12:8-9).

நிசேயாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிசேயாவில் கண்டிக்கப்பட்ட அலெக்சாந்திரியா குரு ஆரியுஸ் கூட இயேசுவை வெறும் மனிதர் என்று சொல்லவில்லை. உலகமே அவர் மூலம்தான் படைக்கப்பட்டது, ஆனால் அவரும் ஒரு படைப்பே என்றார். 325இல் நடந்த சண்டை அதுதான்.

கேள்விநாயகம்:
அப்போ சண்டையை 50களுக்கே கொண்டு போவோம், எனக்கு ஆட்சேபனை இல்ல. அதே பிலிப்பியர் பாட்டுல, "ஆதலால் தேவன் அவரை உயர்த்தி"ன்னு வருது. ஏற்கெனவே சமமா இருந்தவரை எங்கே உயர்த்துறது? 1 கொரிந்தியர் 15:28ல கடைசியில குமாரனே பிதாவுக்குக் கீழ்ப்பட்டிருப்பார்ங்கிறார். அப்போஸ்தலர் 2:36ல பேதுரு, தேவன் அவரை ஆண்டவரும் கிறிஸ்துவுமா ஆக்கினார்ங்கிறார். ஆரியுஸ் ஒண்ணும் காத்துல கோட்டை கட்டல.

நாசரேத்துக்காரன்:
தம்மைத் தாழ்த்தி இறங்கி வந்தவரை உயர்த்துறாரு பிரதர். தேவனுடைய ரூபமாயிருந்தார்னு சொல்ற ஆறாம் வசனத்தை விட்டுட்டு ஒன்பதாம் வசனத்துல ஏறினா அப்படித்தான் தெரியும்.

மணற்கேணி:
1 கொரிந்தியர் 15:28 கடினமான வசனம்தான். 4ஆம் நூற்றாண்டு முழுக்க அதில் முட்டிக்கொண்டார்கள். பிலிப்பியர் பாட்டில் முழங்கால் முடங்குவதும் "பிதாவாகிய தேவனுக்கு மகிமையாக" என்றுதான் முடிகிறது. குமாரனுக்குக் கடவுளுக்குரிய வணக்கம், அதே சமயம் பிதாவுக்குக் கீழ்ப்படிதல். இரண்டையும் பவுல் எழுதினார், எப்படிப் பொருந்துகிறது என்று விளக்கவில்லை. ஒன்றை மட்டும் உருவி எடுக்கிறவர் யாரானாலும், அவர் பவுலைப் படிக்கவில்லை என்பேன்.

கேள்விநாயகம்:
இதை நாசரேத் அண்ணனுக்கும் சேர்த்துத்தானே சொன்னீங்க?

மணற்கேணி:
ஆமாம்.