சவாசனத்தில் கண்ணீர் வந்ததுண்டா?

வெண்சங்கு:
இடுப்பு வலிக்காகத்தான் யோகா வகுப்பில் சேர்ந்தேன். ஐந்து வாரம் ஆகிறது. சென்ற வியாழக்கிழமை பத்தகோணாசனத்தில், அதாவது பாதங்களைச் சேர்த்து முழங்கால்களை விரித்து, வெகுநேரம் உட்காரவைத்துவிட்டுக் கடைசியில் சவாசனம், மல்லாந்து அசையாமல் படுப்பது. கண்ணை மூடிக் கிடக்கிறேன், வலது காதுக்குள் ஏதோ ஈரமாக இறங்கியது. வியர்வை என்றுதான் நினைத்தேன். கண்ணீர்! அப்பா போய் இரண்டு வருடம். சடங்கு, கடன், கையெழுத்து என்று ஓடியதில் அப்போதுகூட நான் அழவில்லை. ஆசிரியை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு போர்வையைக் கொண்டுவந்து என் கால்மீது போர்த்திவிட்டுப் போனார். அதன் கனம் இன்னும் காலில் இருக்கிறது. வேறு யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

கீழ்வானம்:
எனக்கு மகராசனத்தில். குப்புறப் படுத்து, கைமேல் நெற்றியை வைத்து, வயிறு தரையை அழுத்தும்படி மூச்சுவிடச் சொன்னார்கள். நாலாவது மூச்சில் தோள் குலுங்கத் தொடங்கிவிட்டது. பக்கத்துப் பாயில் என் மேலதிகாரி! துக்கமெல்லாம் இடுப்பில்தான் சேர்ந்து கிடக்கும், அந்த இடம் இளகினால் வெளியே வந்துவிடும் என்பார் எங்கள் ஆசிரியர். உங்களுக்கும் அதுதான்.

பழைய பாய்:
கீழ்வானம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். துக்கத்தைப் பூட்டிவைக்க இடுப்பு என்ன பெட்டியா? மகராசனத்தில் அவர் இடுப்பை விரிக்கவே இல்லையே, மூச்சைத்தானே விட்டார். உள்ளே இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றுக் கூடும், வெளியே விடும்போது குறையும். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வேலை அது. நிதானமாக நீட்டி விடும்போது உடம்பின் விறைப்பு தளர்கிறது. அடக்கிவைத்த அழுகைக்கு அந்த இடைவெளி போதும்.

நான் அழுதது வலியால். ஆறே மாதப் பயிற்சியில் சுவரோரம் சிரசாசனம் போட்டேன். கழுத்தில் நறுக்கென்று ஒரு சத்தம். மூன்று வாரம் தலையைத் திருப்ப முடியவில்லை.

அதனால் வெண்சங்குக்குச் சில வார்த்தைகள். இடுப்பு வலிக்குக் காரணம் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு விலகியதா என்று முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். வட்டுதான் என்றால், பச்சிமோத்தாசனம் போல முன்னால் குனியும் ஆசனங்கள் வலியை அதிகமாக்கக்கூடும். மற்றவர்களும் முதுகை வளைத்துக் காலைத் தொட முயல வேண்டாம். முழங்காலைச் சற்று மடக்கி, இடுப்பு மூட்டிலிருந்து குனியுங்கள். விரல் பாதத்தைத் தொடாவிட்டால் எந்த நட்டமும் இல்லை. உயர் ரத்த அழுத்தமோ கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோயோ இருப்பவர்கள் தலைகீழ் ஆசனங்கள் பக்கமே போகாதீர்கள். கர்ப்பிணிகளுக்குக் கபாலபாதி, அதாவது மூச்சை வேகமாக வெளியே தள்ளும் பயிற்சி, கூடாது. வயிறாரச் சாப்பிட்டால் மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

நடுநிசி:
பழைய பாய் அவர்களே, அவர் கேட்டது கண்ணீரைப் பற்றி. சிரசாசனத்தை யாரும் பேசவே இல்லை. ஆனால் மூச்சு என்று நீங்கள் சொன்னது உண்மை. ஸ்கேன் எடுக்க என்னை அந்தக் குறுகிய குழாய்க்குள் தள்ளியபோது மூக்கருகே கூரை. அவசரத்துக்குக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அழுத்தப் போய்விட்டேன். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டேன். பத்துப் பன்னிரண்டு சுற்றில் விரல்கள் தாமாகத் தளர்ந்தன. இருபது நிமிடமும் பந்து கையிலேயே இருந்தது, அழுத்தவில்லை. வகுப்பில் பிராணாயாமத்தின்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

வெண்சங்கு:
எல்லோருக்கும் நன்றி. பழைய பாய், மருத்துவரிடம் காட்டியாயிற்று. தசைப்பிடிப்புதானாம், வட்டில் ஒன்றும் இல்லை. இடுப்போ மூச்சோ, எனக்குத் தெரியவில்லை. நாளை வகுப்பு. சவாசனத்துக்கு முன்பே எழுந்து வந்துவிடலாம் என்று இருந்தேன். இப்போது பையில் கைக்குட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.