‘பேக்போர்ட்’ – தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமை அச்சு)

அனைவருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை கல்லூரி மாணவர்களுக்கு டெபியன் (லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்று) பயிலரங்கு. கையேடு வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போகவேண்டும். ஒரே ஒரு சொல் நகரவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது: ‘பேக்போர்ட்’. புதிய பதிப்பில் செய்த வழுத்திருத்தத்தை, முன்பே வெளிவந்த நிலைப்பதிப்புக்கு (புதுமை சேர்க்காமல் பிழை மட்டும் திருத்திவரும் பதிப்பு) பொருந்துமாறு கொண்டுசேர்ப்பது.

எடுத்துக்காட்டாக 2023 டிசம்பரில் நடந்ததை எழுதியிருக்கிறேன். எக்ஸ்ட்4 கோப்பு முறைமைக்கான ஒரு திருத்தத்தை லினக்ஸின் கருவான கெர்னலின் 6.1.64 பதிப்புக்குக் கொண்டுவந்தார்கள். அது சார்ந்திருந்த இன்னொரு மாற்றம் புதிய 6.5 கெர்னலில் இருந்தது, அது கூடவே வரவில்லை. தரவு சிதையும் நிலை வந்ததால் டெபியன் 12.3 வெளியீட்டை நிறுத்திவிட்டு, டிசம்பர் 10 அன்று 6.1.66 கெர்னலோடு நேராக 12.4-ஐ வெளியிட்டார்கள்.

தற்காலிகமாகப் ‘பின்பெயர்ப்பு’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?
– கையேடு தொகுப்பவன்

தம்பி,

‘பின்’ வேண்டாம். ஆங்கிலத்தில் பழையது முதுகுப்பக்கம் கிடக்கிறது. தமிழில் காலம் சொல்லும்போது கடந்தது முன், வருவது பின். முன்னோர் போய்ச்சேர்ந்தவர்கள், பின்னோர் இனிப் பிறப்பவர்கள். ‘பின்பெயர்ப்பு’ என்றால் ‘பிறகு பெயர்த்துக்கொள்ளலாம்’ என்றுதான் தமிழ் மட்டும் அறிந்தவன் கொள்வான். ‘முற்பெயர்ப்பு’ என்க.

தொல்காப்பிய மரபியல் சொல்லும் நூல் எழுதும் உத்திகளில் ‘இறந்தது காத்தல்’, அதாவது கடந்துபோனதைக் காத்தல், உண்டு. நிலைப்பதிப்பைப் பேணுவோர் செய்வது வேறென்ன? நன்னூலில் அது ‘இறந்தது விலக்கல்’ ஆகிவிட்டது. அதை எழுதிய பவணந்தியார் கையில் டெபியனைக் கொடுத்திருந்தால் பழைய பதிப்பு ஒன்றும் மிஞ்சியிராது.
– ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

ஐயா, முன்னேற்றத்திலும் ‘முன்’ இருக்கிறதே! ‘முற்பெயர்ப்பு’ என்றால் மாணவர்கள் புதிய பதிப்பை நோக்கிப் போவதாகவே நினைப்பார்கள். பழைய கிளையில் செய்ததைப் புதியதற்குக் கொண்டுபோகும் வேலையும் உண்டு. அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

இன்னொன்று. டெபியனில் ‘பேக்போர்ட்ஸ்’ என்று தனிக் களஞ்சியம் இருக்கிறது. அதில் வருவது திருத்தம் மட்டுமன்று. சோதனைப் பதிப்பிலுள்ள புதிய மென்பொருள் பொதியையே நிலைப்பதிப்பில் ஓடுமாறு மறுபடி கட்டித் தருகிறார்கள். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் குழப்பம்.

என் முன்மொழிவு ‘ஒட்டுக்கட்டல்’. கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கன்றுக்குச் செய்வதுதான். பழைய வேர், புதிய குச்சி. பருவமும் அதில் அடங்கியிருக்கிறது: குச்சி முற்றாமல் கட்டினால் காய்ந்துபோகும். கெர்னல் நிலைக்கிளையின் விதியும் இப்படித்தான். மூலக்கிளையில் (புதிய வளர்ச்சி நடக்கும் கிளை) சேர்ந்த பிறகே திருத்தத்தை ஏற்பார்கள்; சூழ்ந்துள்ள வரிகளையும் சேர்த்து 100 வரிக்கு மேல் போகக்கூடாது.
– கோவை நிரலாளன்

உவமை இனிக்கிறது, பொருள் இடிக்கிறது. ஒட்டுமரத்தில் புதிய குச்சியின் பழம்தான் காய்க்கும். நிலைப்பதிப்பிலோ அதே பழைய பழம்தான் வேண்டும், வண்டு மட்டும் போகவேண்டும். களஞ்சியத்துக்கு வேண்டுமானால் அந்தப் பெயர் பொருந்தலாம். தவிர, ‘பேட்ச்’ (நிரலில் சேர்க்கும் திருத்தத் துணுக்கு) என்பதற்கு நம்மில் பாதிப்பேர் ‘ஒட்டு’ என்று எழுதிவருகிறோம்.

சனிக்கிழமை வகுப்பெடுப்பவள் நான். மாணவர்கள் இணையத்தில் தேடப்போவது ‘பேக்போர்ட்’ என்ற சொல்லைத்தான். முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்துவிட்டு அப்படியே எழுதுங்கள்.
– விரிவுரையாளர்

அம்மா, இந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் ‘மென்பொருள்’ பிறந்திருக்காது. அதைக் கேட்டும் சிரித்தவர்கள் உண்டு.
– தமிழாசிரியன்

சிரித்தவர்களில் நானும் ஒருத்தி, ஐயா. ஆனால் அந்தச் சொல்லுக்கு ஊன்ற நாள் கிடைத்தது. இதற்கு வெள்ளிக்கிழமை வரைதான்.
– விரிவுரையாளர்

வெள்ளி, இரவு 8 மணி. அனுப்பிவிட்டேன். திருத்தத்துக்குப் ‘பின்பெயர்ப்பு’, களஞ்சியத்துக்குப் ‘பேக்போர்ட்ஸ்’. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் ஆதரவு நான்கு, எதிர்ப்பு இரண்டு. ஆதரித்த நால்வரில் இருவர் ‘எதையாவது போட்டு முடியுங்கள்’ என்றுதான் எழுதியிருந்தார்கள். ஐயா பொறுத்தருள்க.
– கையேடு தொகுப்பவன்

பொறுத்தேன். இரண்டாம் அச்சில் ‘முற்பெயர்ப்பு’ என்று திருத்துங்கள். முதல் அச்சை வாங்கிப்போன பிள்ளைகளுக்கும் அத்திருத்தத்தைத் தனித்தாளில் கொண்டுசேருங்கள். அப்படிச் சேர்ப்பதன் பெயரும் முற்பெயர்ப்புதான்.
– தமிழாசிரியன்