காலையில டில்லர் ஸ்டார்ட் ஆகவே மாட்டேங்குது

கேத்தி கேரட்:
அண்ணே, மூணு நாளா பவர் டில்லர் உசிர வாங்குது. பனியில கை விறைக்க ஹேண்டில் சுத்துறேன், ரெண்டு தடவ டொக்கு டொக்குன்னுட்டு வெள்ளைப் புகை விட்டு நின்னுடுது. கேரட்டுக்கு நிலம் ஓட்டணும், ஆளுங்க வந்து சும்மா உக்காந்திருக்காங்க, மெக்கானிக் நாளைக்குதான் வருவாராம். அழுகையே வருது.

கோத்தகிரி தோட்டம்:
தம்பி, டீசல்ல தண்ணி கலந்திருக்கும்னு தோணுது. பாதி டேங்கோட ராத்திரி விட்டா உள்ள இருக்குற காத்து குளிர்ந்து வேர்க்கும், அந்தத் தண்ணி கனம்ங்கறதால அடியில தங்கிடும். டேங்க் அடியில இருந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு வைங்க, கீழ கோடு பிரிஞ்சு தெரியும். வடிச்சுட்டு ஃபில்டர மாத்தி, டீசல் லைன்ல காத்த வெளிய விடுற ஏர் ஸ்க்ரூவ லூஸ் பண்ணி குமிழி நிக்கிற வரைக்கும் டீசல் வெளிய விடுங்க, உள்ள காத்து மாட்டிக்கிச்சுன்னா எவ்ளோ சுத்தினாலும் எடுக்காது.

பூம்பாறை பூண்டு:
ஏர் ஃபில்டரையும் பாருங்க. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காத்தே லேசு, அதுல தூசியும் அடைச்சா இன்ஜின் பாவம். எங்க பெட்ரோல் களை மிஷின்ல இதனாலதான் பிளக் கரி பிடிக்குது.

கேத்தி கேரட்:
அண்ணே ஓடுது!! பாட்டில்ல ஒரு விரக்கடை தண்ணி நின்னுச்சு. இனி சாயங்காலமே டேங்க் ஃபுல் பண்ணிடுறேன், ரொம்ப நன்றிண்ணே.